ஸ்பெயின் வெயிலுக்கு ஒரு எண்ணெய்

ஜூலை 9, வியாழன்

இன்று கார் திருத்தும் யோகன் அண்ணையின் கராச்சில் ஒரு பொய் சொன்னேன்.

என் இருபத்தைந்து வயது ஸ்போர்ட்ஸ் காரை ஸ்பெயினுக்கு ஓட்டிப் போகப் போகிறேன். அங்கே வெயில் நாற்பதைத் தொடுகிறது. அதனால் எஞ்சினுக்குத் தடிப்பான 10W-60 எண்ணெய் விடச் சொன்னேன். அண்ணை காரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அது கூடிப்போச்சு. காலமை ஸ்டார்ட் பண்ணேக்க எண்ணெய் மேல ஏறச் சுணங்கும், எஞ்சின் தேயும். இந்த வெயிலுக்கு 10W-50 காணும். ஆர் உங்களோட வருகினம்?"

"மகள் வாறாள்," என்றேன்.

ஆனால் மகள் கவிதா போன கிழமையே வர ஏலாது என்று சொல்லிவிட்டாள். தாயோடு வாழப் போன பிறகு அவள் என்னோடு எங்கும் வந்ததில்லை.

"அப்ப பிள்ளைக்கும் எண்ணெய் அளவு பாக்கக் காட்டிக் குடுங்கோ. பழைய எஞ்சின் குடிக்கும்," என்று அண்ணை ஒரு லீற்றர் கூடவே தந்தார். பிறகு பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கவிதாவுக்கு எழுதினேன்: "சனி காலமை ஆறு மணிக்கு உன்ர வீட்டைத் தாண்டிப் போறன். கீழ வந்தால் பாத்திட்டுப் போவன்."

இப்போதுதான் பதில் வந்தது. "ஆறுக்கு நான் நித்திரை அப்பா. ஏழுக்கு வாங்கோ."

ஒரு மணித்தியாலம் பிந்தினால் என்ன.