முழங்கால் ஆழத்துக்குத் தூக்கிய வண்டி

பெரியப்பா பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் பெற்ற தகப்பனையும் அவர்களைப் போலவே ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டுப் பழகி, இன்றுவரை திருத்திக்கொள்ளாத அருமை மகளுக்கு, அந்தச் சித்தப்பாவாகிய அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பெரியப்பா, நம் பழைய ஜீப்பு ஆகிய நால்வரும் அவரவர் வயதுக்கேற்ற சத்தங்களோடு சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று உன் கடிதங்கள் சொல்கின்றன, ஆனால் உன் கடிதங்களை நான் நம்புவதை விட்டு வெகுநாளாகிறது என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை. இப்போது நான் சொல்லப்போவது பூமியில் ஒருவரும் நம்பாத கதை. நீயும் நம்பமாட்டாய். இதை வலது கையை ஸ்டியரிங் மேல் வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இடது கையால் எழுதுவதால் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

முதலில் உன் மேல் எனக்குள்ள சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் இத்தனைக்கும் மூலம். நாங்கள் வருகிறோம் என்று சொன்னபோதெல்லாம் நீ என்ன சொன்னாய், வராதீங்க, ரோடு சரியில்லை, நடுவில் ஓடை வருது, முழங்கால் அளவு தண்ணி, நம்ம வண்டி தாண்டாது என்றாய். போன வருடமும் அதே ஓடை, அதே முழங்கால். கோடையிலும் முழங்கால், மழையிலும் முழங்கால். மலை உச்சியில் வானிலை நிலையத்தில் உட்கார்ந்து மழையை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புகிற பெண், ஒரு ஓடையை மட்டும் முழங்காலால் அளக்கிறாள் என்றால் பெற்றவனுக்குச் சந்தேகம் வராதா? அதுபோக, முழங்கால் தண்ணீரில் எங்கள் வண்டி வராது, ஆனால் உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தபால் வண்டி மட்டும் வந்து போகிறது. அந்தத் தபால் வண்டிக்கு இறக்கை முளைத்திருக்கிறதா? நீ எதையோ மறைக்கிறாய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எதை என்பதில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு. நீ யாரையோ ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று பிள்ளைகள் பெற்றுவிட்டாய் என்பது பெரியப்பாவின் கட்சி. நீ ஒரு கரடி வளர்க்கிறாய் என்பது என் கட்சி. உன் அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. போனில் கடைசியாகப் பேசியபோது நீ அவளிடம் “வேளைக்குச் சாப்பிடுறீங்களா” என்று இரண்டு தரம் கேட்டாயாம். போனை வைத்துவிட்டு வந்து, “அவ சரியா சாப்பிடறதில்லைங்க, அதான் என்னைக் கேக்கறா. குரலும் கம்மிப்போச்சு. அவளுக்கு என்னவோ சரியில்லை” என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை, நான் கரடியைப் பற்றி எவ்வளவோ சொல்லியும்.

அதற்கடுத்தது உன் அம்மாவின் மேல் சந்தேகம். நம் ஜீப்பைக் கண்டாலே பழைய இரும்புக்காரன் எங்கே என்று கேட்கிறவள், ஒரு காலை அதன் முன்விளக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு “இதோ வந்துடறேன்” என்று வெளியே போனாள். நான் எதிர்வரிசையில், ஒரு குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஆகவே தெருவே என்னைத்தான் பார்த்தது. அவள் போய் நின்ற இடம் நம் ஜாக்கியின் பட்டறை. ஜாக்கியை உனக்குத் தெரியும், எந்நேரமும் ஏதாவது வண்டிக்கு அடியிலேயே படுத்திருக்கும் மெக்கானிக். அவர் முகத்தை நான் பார்த்தது குறைவு, செருப்பைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். உன் அம்மா அந்தச் செருப்புகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். வண்டியை உயரமாக்க முடியுமா, பெரிய டயர் போடமுடியுமா, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஏறவேண்டும் என்றாள். செருப்புகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது சரிம்மா, எந்த முழங்கால்?” என்று கேட்டன.

அங்கேதான் நான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை, “குடையோட வந்தீங்களா, வாங்க” என்று மட்டும் சொன்னாள். ஜாக்கி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு நம் வீட்டில் விடை கிடையாது. என் முழங்கால் பனைமர உயரத்தில் இருக்கிறது. உன் அம்மாவின் முழங்கால் என் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. நீ இடைப்பட்டவள். ஜாக்கி வண்டிக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, “ரொம்பத் தூக்காதீங்க சார், ஸ்பிரிங்கை லேசா தூக்கி, டயரை ஒரு சைஸ் ஏத்தினா போதும், பழைய வண்டி, உயரம் கூடினா ஆடும்” என்றார். எனக்கு அப்போதே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. குறைவாகச் செய்தால் போதும் என்று சொல்கிற மெக்கானிக்கை எந்த நாட்டில் நம்புவார்கள்? இவருக்கு வேலை செய்யச் சோம்பல் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த டயர்க்கடைக்காரர் மேல் அதைவிடச் சந்தேகம். அவர் நம் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த டயரின் நடு ஓட்டையில் நம் சமையலறை அப்படியே உட்காரும், ஜன்னலோடு.

உன் முழங்காலைக் கண்டுபிடிக்க உன் அம்மாதான் வழி சொன்னாள். உன் அலமாரியைத் திறந்து, நீ தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பழைய பழுப்புப் பேன்ட்டை எடுத்து வந்தாள், முழங்காலில் ஒட்டுப்போட்டுத் தைத்தது. கீழ் ஓரத்திலிருந்து ஒட்டு வரைக்கும்தான் உன் முழங்கால் உயரம், வேறென்ன வேண்டும்? அந்தப் பேன்ட்டை ஜாக்கியின் பட்டறையில் ஒரு கம்பியில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டு, அதன் ஒட்டுக்கு மேலே வண்டியின் வயிறு வரவேண்டும் என்று நான் உத்தரவு போட்டேன். ஜாக்கி பேன்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “நல்லா யோசிச்சுக்கோங்க சார்” என்றார். “தண்ணி யோசிச்சா வருது, தூக்குய்யா” என்றேன். தூக்கினார். புது ஸ்பிரிங் பட்டைகள், அதற்குக் கீழே இரும்புக் கட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், அதற்குக் கீழே அந்தச் சமையலறை டயர்கள்.

மகளே, அந்த வண்டி பட்டறையைவிட்டு வெளியே வந்த கோலத்தை நான் எந்த வாயால் சொல்வேன். ஏறுவதற்கு மூன்று ஏணிகள் தேவைப்பட்டன, நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. மேலே போய் உட்கார்ந்தால் அடுத்த வாரம் வரப்போகிற ஆட்கள் இப்போதே தெரிந்தார்கள். சாலையில் மற்ற கார்கள் எல்லாம் எங்களுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போயின, ஒருவர் மழை வருகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டுக்கொண்டார். பின் சக்கரத்துக்கு மேலே காக்கைகள் குடியேறின. போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களை நிறுத்த விசில் ஊதியது எங்களுக்கு வந்து சேருவதற்குள் அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. திருப்பத்தில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, பக்கத்து வீட்டு மாடியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிதானமாக நிமிர்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டைக் கடித்தது. பெரிய டயர் என்பதால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது, முள் நாற்பது என்று காட்டும்போது மரங்கள் ஐம்பதில் பின்னால் ஓடின. பொய் சொல்கிறவர்கள் நிறைந்த குடும்பத்தில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் ஷெட்டுக்குள் நுழையவில்லை. உன் அம்மா சமையலறை முக்காலியைப் போட்டுக்கூடக் கீழே இறங்கமுடியாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் கை கொடுத்தேன். கையைப் பிடிக்காமல், “இதுல ஏறி நான் எப்படிங்க அவகிட்ட போறது?” என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா மகன், உன் நெட்டை அண்ணன், உள்ளே வந்தான். வண்டியைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் நான்கு தெருவுக்கு நாய்கள் குரைத்தன. அப்புறம் முன் சீட்டில் கிடந்த பேன்ட்டைப் பார்த்தான். “சித்தி, இது என் பேன்ட்டு” என்றான். உன் அம்மா இல்லை என்றாள். “அட, இந்த ஒட்டு நான் சைக்கிள்லேர்ந்து விழுந்தப்போ நீங்களே போட்டது சித்தி. எனக்குக் குட்டையாயிடுச்சுன்னு அவ எடுத்துக்கிட்டா, கீழே மடிச்சு மடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரிவா” என்றான். நீ மடித்த மடிப்பையெல்லாம் உன் அம்மா துவைத்து, தேய்த்து, நிமிர்த்தி அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள் ஒரே துணியை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தால் இப்படித்தான், மகள் முழங்கால் என்று நினைத்து அண்ணன் மகன் முழங்காலுக்கு ஒரு வண்டியையே தூக்கி நிறுத்துவோம். நான் உடனே நெட்டையின் மேல் சந்தேகப்பட்டேன், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. “நீங்க எங்கே கேட்டீங்க சித்தப்பா?” என்றான்.

எல்லோரும் சிரித்தோம், உன் அம்மா சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து நெட்டை அவளைத் தூக்கி இறக்கினான். இறங்கியவள் நேரே ஷெட்டுக்குள் போய், ஒரு சாக்பீஸை எடுத்து, சுவரை ஒட்டி நின்று, தன் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டாள். “இது போதும், இதுக்கு மேலே வேண்டாம். முழங்கால் தண்ணின்னு அவ சொன்னது என்னைத் தடுக்கத்தான். அப்போ என் முழங்காலை நெனச்சுத்தான் சொல்லியிருப்பா” என்றாள். நான் மகளின் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தேன், அவள் மகளின் நினைப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுபடி ஜாக்கியின் பட்டறைக்குப் போனோம். இரும்புக் கட்டைகளை உருவிப்போட்டார். ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் மட்டும் தூக்கினார், டயர் ஒரே ஒரு சைஸ் பெரியது. பின்னால் மாட்டுகிற ஸ்டெப்னியும் அதே சைஸில் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், டயர்க்கடைக்காரர் பழையதையே மாட்டிவிடப் பார்த்தார் என்பது என் சந்தேகம், அவர் மறுக்கிறார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாயான பிரேக் ஹோஸை நீளமாக மாற்றினோம், தூக்கியபிறகு பழையது இழுத்துப்பிடிக்கும், குண்டும் குழியுமான இடத்தில் அறுந்தால் மலைப்பாதையில் நிறுத்துவதற்கு உன் பெரியப்பாதான் குறுக்கே படுக்கவேண்டும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தோம், எதுவும் எதையும் கடிக்கவில்லை. உன் அம்மா ஏற ஒரு படி வெல்டிங் செய்துகொடுத்தார் ஜாக்கி. அவள் ஏறி, உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் “ம்” என்றாள். வண்டியும் இப்போது யார் வீட்டுப் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை, நேராகப் போகிறது. ஸ்பீடோமீட்டரின் பொய்யும் குறைந்திருக்கிறது, ஆனால் அடியோடு போகவில்லை, அதனால் உன் அம்மா பக்கத்திலிருந்து “முள்ளைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க” என்கிறாள்.

இனி புத்திமதி. ராத்திரி ஜன்னலைச் சாத்திப் படு. கரடி இருந்தால் அதற்கும் வேளைக்குச் சாப்பாடு போடு, போட்டதில் பாதியை நீ சாப்பிடு. கம்பளியைத் தோய்த்துக் காயப்போடாமல் மறுபடி போர்த்திக்கொள்ளாதே. உன் மேலதிகாரி நல்லவர் என்று எழுதியிருந்தாய், இரண்டு தரம் எழுதியிருந்தாய், அதனால் அவர் மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது, நாங்கள் பயப்படுவோம் என்று எழுதாமல் இருக்காதே, எழுதாதபோதுதான் அதிகம் பயப்படுகிறோம். பெரியப்பாவும் நெட்டையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். காற்றிலும் மழையிலும் நீ தீர்க்காயுசாக, திடமாக, நாலு வேளையும் பசியோடும் பசிக்குச் சோற்றோடும் இருக்கவேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பாவாகிய,
உன்னைத் தவிர எல்லோருக்கும் நியாயமாகவே சித்தப்பாவாகிய,
நான்.

பி.கு.: மேலே எழுதியதில் ஸ்டியரிங் மேல் வைத்த கை பொய், காக்கை பொய், ஏணி பொய், போலீஸ்காரர் ஓய்வு பெற்றது பொய். மற்றதில் நீ வழக்கமாக எத்தனை பங்கு கழிப்பாயோ அத்தனையும் கழித்துக்கொள். கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு சின்ன விஷயம் மிஞ்சும், அது மட்டும் மெய். இதை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. மலையடிவாரத்துத் தபால் நிலையத்துக்கு எதிரே, விடுதி அறையில், ஆடுகிற ஒரு மேஜையில் வைத்து எழுதுகிறேன், ஜீப்பு வெளியே நிற்கிறது. திடீரென்று போய் நின்றால் பிள்ளை பதறிப்போவாள், முதலில் கடிதம் போகட்டும் என்று உன் அம்மாதான் சொன்னாள். கடிதம் காலையில் ஏறும், நாங்கள் மத்தியானம் ஏறுவோம். எதை மறைக்கிறாயோ அதை ஒளித்துவைக்க உனக்கு அரை நாள் இருக்கிறது. ஒளிக்க முடியாததாக இருந்தால் சிரமப்படாதே, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம். பதில் எழுதாதே, வாங்கிப் படிக்க நாங்கள் வீட்டில் இல்லை.