எரியாத பல்பு

மார்ச் 4

என் அன்புக் குண்டூசிக்கு,

கை எப்படிடி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்களா? நீ இல்லாமல் விடுதி அறை வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டு பேர் போடும் சண்டையை நான் ஒருத்தியே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரிப் போட்டியில் நம் மின்காந்த ஏவுகருவிக்கு முதல் பரிசு! விரல் தேய நாம் சுற்றிய மூன்று செம்புக்கம்பிச் சுருள்களும் ஆணியை இழுத்துத் தள்ளிய வேகத்தில், எதிரே வைத்த பிஸ்கட் டப்பா ஓட்டை. நடுவர் நாற்காலியை நாலடி பின்னால் நகர்த்திக்கொண்டார். மேடையில் உன் பெயரையும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் வாத்து

மார்ச் 17

அடி வாத்து,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும், சிரிக்காதே. வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. பரிசு என்றதும் நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

கல்லூரி அறிக்கை வந்தது. ஏவுகருவியின் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தைக் காலி செய்யாமல் நான் அலட்சியமாகத் தொட்டேனாம். "ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதவளுக்குப் படிப்பு எதுக்கு?" என்று அப்பா என் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

எப்போதும் போலப் பல்பை வைத்துப் பார்த்தேன்டி. மின்சாரம் மிச்சம் இருந்தால் பளிச்சென்று எரிந்து அணையுமே, எரியவே இல்லை. காலி என்று நினைத்துத்தான் கை வைத்தேன். யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் நீகூட "விடுடி, மறந்திருப்பே" என்றாய். இப்போது எனக்கே சந்தேகம். நீ பக்கத்தில்தானே நின்றாய்? பல்பை வைத்தேனா, இல்லையா? சத்தியமாகச் சொல்.

உன் குண்டூசி

ஏப்ரல் 9

குண்டூசி,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீ வைத்தாய். நான் பார்த்தேன்.

விபத்துக்கு முந்தின நாள் என் மேஜை விளக்கு பியூஸ் போய்விட்டது. மறுநாள் பரீட்சை, கடைக்குப் போகச் சோம்பல். ஆய்வகத்தில் நீ சோதித்துப் பார்க்கும் அந்தப் பல்பைக் கழற்றிக்கொண்டேன். வெறும் ஹோல்டரைப் பார்த்தால் நீ கத்துவாய் என்று என் பியூஸ் போன பல்பை அதில் மாட்டினேன். நாளைக்குப் புதிது வாங்கிவிடலாம் என்று நினைத்து, சுத்தமாக மறந்துபோனேன். நீ விழுந்த பிறகுதான் உறைத்தது. விசாரணையில் அதைச் சொல்லவில்லை. என் படிப்பு போய்விடுமே என்று பயந்தேன். பாவிடி நான்.

இன்று முதல்வரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பரிசையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வாத்து

மே 2

வாத்துக்கு,

நகலை அப்பா இரண்டு முறை படித்தார். "நீ சரியாத்தான் செஞ்சிருக்கே. நான்தாம்மா நம்பல" என்றார். பெட்டியை அவரே இறக்கித் துடைத்து வைத்தார். ஜூனில் வருகிறேன். வேறு அறை கேட்டிருக்கிறேன்.

பல்பை மறந்ததற்கு எனக்குக் கோபமில்லை. மறதி யாருக்கும் வரும். ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, தலையைத் தடவிக்கொண்டே, "மறந்திருப்பே" என்றாயே. அப்போதே உனக்கு உண்மை தெரியும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னைப் போல ஒருத்தி எனக்கு இனிமேல் கிடைக்கமாட்டாள் என்பதும் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் அழுகிறேன்.

இனிக் கடிதம் போடாதே. வழியில் பார்த்தால் குண்டூசி என்று கூப்பிடாதே.

ஆய்வகத்து ஹோல்டரில் எரிகிற பல்பாக ஒன்று வாங்கி மாட்டிவிடு. அடுத்த வருடப் பிள்ளைகள் அதை நம்பித்தான் கை வைப்பார்கள்.