திருவாதிரைக்கு இரண்டு அளவு

2025 ஜனவரி 5, ஞாயிறு

இருட்டியதும் மாடி ஏறினோம். திருவாதிரை நட்சத்திரத்துக்கு நான் 0.7 எழுதினேன். என் வீட்டுக்காரர் 0.3 என்றார். எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதல். என் கணக்கில் சுமாராக இருக்கிற நட்சத்திரம் அவர் கணக்கில் ஜொலிக்கிறது. ஒரே மாடி, ஒரே வானம் - எப்படி?

செய்வது சின்ன வேலைதான். திருவாதிரையின் வெளிச்சம் ஏறும், இறங்கும். அதை மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அளவைச் சென்னையில் இருக்கும் ஒரு குழுவுக்கு அனுப்புவோம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிற எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததில் ஆச்சரியமில்லை. பட்டுக்குச் சாயம் போடுகிறவருக்கு எதற்கு? "தனியா மாடியில நீ இன்னா பண்றேன்னு பாக்க வந்தேன்" என்று போன வருடம் ஏறி வந்தவர், அதற்குப் பிறகு ஒருநாள்கூட விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்கிற ஒரே வேலை இது. அதில் எண் ஒத்துப்போகாதது என்னை உறுத்துகிறது.

ஜனவரி 13, திங்கள்

ஆருத்ரா. களியும் குழம்பும் வைத்தேன். "சாமி நட்சத்திரத்துக்கே மார்க்கு போடறியே, பாவமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை களி போட்டுக்கொண்டார். பௌர்ணமி. அளவு எடுக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

குழுவை நடத்தும் இளஞ்செழியனுக்குப் போன் செய்து கேட்டேன். "சிவப்பு நட்சத்திரத்த உத்துப் பாக்கக் கூடாது மேடம். பாக்கப் பாக்க வெளிச்சம் ஏறுற மாதிரியே இருக்கும். சார் உத்துப் பாக்கறாரா?"

உற்றுப் பார்க்காமல்? மாதிரித் துணியையும் நனைந்த நூல் கத்தையையும் சாயப்பட்டறை வாசலில் பிடித்துக்கொண்டு, நிறம் கண்ணில் உட்காரும்வரை பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. நட்சத்திரத்தையும் அப்படியே பார்த்திருக்கிறார். அப்பாடா, காரணம் கிடைத்தது. "பட்டறைப் பார்வைய கீழயே வெச்சிட்டு வாங்க" என்றேன். முறைத்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு பார்வை, உடனே கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். ஒழுங்காகத்தான் செய்தார். அப்படியும் 0.3.

ஜனவரி 29, புதன்

பட்டு வியாபாரி ராஜவேலு அண்ணன் நூலைத் திருப்பிக்கொண்டு வந்தார். பளிச்சென்ற ஆனந்தா நீலம் கேட்டிருந்தாராம், கறுத்துப்போய் வந்திருக்கிறதாம். "இது மொத தடவ இல்ல கண்ணா. கல்யாணப் பொடவ, பேஜாராப் பூடும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.

இவர் மாதிரியையும் நூலையும் சேர்த்துப் பிடித்து, "ஒண்ணாத்தானே கீது?" என்றார். ஒன்றாக இல்லை. நூல் ஏறக்குறைய கறுப்பு. அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

இன்று திருவாதிரையை விட்டுவிட்டு வேறு இரண்டைக் காட்டினேன். நீலம் கலந்த ரீகல், லேசாக மஞ்சளடிக்கும் புரோசியான். யாரைக் கேட்டாலும் ரீகலுக்குத்தான் வெளிச்சம் அதிகம் என்பார்கள். அவர் யோசிக்காமல் புரோசியான் என்றார். பிறகு, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தகட்டை பைனாகுலரில் பொருத்தி, சிரியஸைப் பார்க்கச் சொன்னேன். நட்சத்திரம் ஒரு வண்ணக் கோடாக நீளும்.

"செவப்பு, பச்ச, கொஞ்சம் நீலம். அவ்ளோதான்."

"அதுக்கப்புறம் ஊதா?"

"எங்க கீது ஊதா?"

திருவாதிரையின் வெளிச்சம் ஏறவில்லை. அவர் கண்ணில் நீலம் குறைந்துகொண்டு வருகிறது. அதனால்தான் சிவப்பு நட்சத்திரம் மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. ராஜவேலு அண்ணனின் நூலும், நீலம் போதவில்லை என்று சாயத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கறுத்திருக்கிறது. அவருக்குப் புரிந்துவிட்டது. பைனாகுலரை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 3, திங்கள்

தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். எனக்கும் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சண்டைதான். தீபாவளியிலிருந்தே தெரியுமாம்! சாயப் பொடி டப்பாவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் நீலத்தை எடுக்கிறாராம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்படி நான் என்ன வேற்று மனுஷியா?

"சாயக்காரனுக்குக் கண்ணு போச்சின்னு தெரிஞ்சா ஊர்ல ஒருத்தன் நூலு குடுப்பானா? எங்கப்பாவ மாதிரி என்னையும் மூலையில உக்கார வெச்சிடுவீங்க."

மாமனாருக்குக் கடைசியில் இரண்டு கண்ணும் தெரியாது. நான்தான் கையைப் பிடித்து நடத்துவேன். அதைச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மூலையில உக்கார வெக்க மாட்டேன். தெரியலன்னாலும் மாடிக்குக் கூட்டிகினு போவேன். எந்த நட்சத்திரம் எங்க கீதுன்னு சொல்லுவேன். நீங்க கேட்டுகினு இருங்க. ஆனா தெரியறதுக்கு வழி இருந்தா அத விடக் கூடாது இல்ல?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலூர் பஸ்சு ஜல்தியா எது கீது?" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

கண்புரை. உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். மாமனாருக்கு வந்தது வேறு, இது வேறு. "நீலம் வருங்களா?" என்று இவர் கேட்டார். வரும் என்றார். மறுபடியும் கேட்டார்.

திரும்பும்போது கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மணமேடையிலேயே என் விரல் நுனியைத்தான் தொட்ட மனுஷன்.

பிப்ரவரி 27, வியாழன்

வலது கண் முடிந்தது. சொட்டு மருந்து விடும்போது குழந்தை மாதிரி முகத்தைத் திருப்புகிறார்.

மார்ச் 4, செவ்வாய்

அவருடைய பழைய அளவுகளையெல்லாம் நீக்கிவிடுங்கள் என்று இளஞ்செழியனிடம் சொன்னேன். "எதுக்கு மேடம்? அதுவும் இருக்கட்டும். கண்ணு மாறின தேதிய மட்டும் குறிச்சிக் குடுங்க" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

மாடி. பழைய கண்ணைப் பொத்திக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தார். ரீகலையும் புரோசியானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரீகல்தான் ஜாஸ்தி" என்றார்.

திருவாதிரைக்கு நான் 0.7. அவர் 0.9.

இப்போது என்னைவிட மங்கலாகச் சொல்கிறாரே? புதுக் கண் இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராஜவேலு அண்ணனுக்கு மறுபடியும் ஆனந்தா நீலம் போட்டிருக்கிறார். இரண்டு கத்தைகளைப் பட்டறை வாசலில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அண்ணனும் நின்றிருந்தார்.

"மாதிரிக்கு எது சேருது, சொல்லு."

ஒரு பார்வையிலேயே இடது கை என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார். "வலதுதான்மா. இடது ஒரு சாயல் கறுப்பு" என்றார் அண்ணன். வாசலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து பார்த்தேன். இடது கையில் அந்தக் கறுப்பு எனக்குத் தெரியவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. இவர் நூலைக் கொடியில் போட்டுவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளன்னிக்கு வேலூரு போலாம் லதா. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிடு."

அப்படியென்றால் என் கண்ணிலுமா? இத்தனை நாள் நான் எழுதிக்கொண்டிருந்த 0.7? பயமாக இருக்கிறது. கூட அவர் வருகிறார்.