உப்புக் குறைந்த சூப்பும் ஒரு நட்சத்திரமும்

மார்ச் 4

இன்று லாண்டரிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவிந்தன. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து வீட்டுக்கு வந்தால், மகள் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாய் ஒரு கோடு. ஜனவரியில் இவர் கண்ணை மூடியதிலிருந்து அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்குத் துணையாம். துணை என்றால் வாயைத் திறக்க வேண்டாமா?

இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்பா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே அழுகிறேன். உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன ஆவாளோ.

மார்ச் 9

"அப்படி என்னடி பார்க்கிறே?"

"வேற நட்சத்திரத்தைச் சுத்துற கோள் இருக்கான்னு தேடுறேம்மா."

"தெரியுதா?"

"தெரியாது. நட்சத்திர வெளிச்சம் மறைச்சிடும். கோள் குறுக்கே போனா வெளிச்சம் துளி மங்கும். அதை வெச்சுதான்."

"ஆளைப் பார்க்காமலே ஆள் இருக்குன்னு சொல்றதுக்கா சம்பளம்?"

சிரித்துவிட்டாள்! எத்தனை நாளாயிற்று.

"ஒரு தடவை மங்கினா போதாது. அதே இடைவெளியில திரும்பத் திரும்ப வரணும்."

"நேரம் தவறாம வர்றவர் நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருந்தார்."

எழுந்து போய்விட்டாள். எனக்கு எதுக்கு இந்த வாய்?

மார்ச் 10

சூப்பைக் குடித்துவிட்டு, "உப்பே இல்ல" என்றாள். அவ்வளவுதான். இவருக்கு பிரஷர் வந்ததிலிருந்து அரைக் கரண்டிதான். கை இன்னும் அவருக்கே போடுகிறது.

மார்ச் 17

மூன்றாம் தடவையும் மங்கியதாம்! ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"பேரு வெச்சுட்டியா?"

"நம்பர்தாம்மா வெப்பாங்க."

"பாவம், ஜெயில்ல போட்ட மாதிரி."

இன்னும் ஒரு சோதனை பாக்கி. சுற்றுகிற கோள் நட்சத்திரத்தையும் லேசாக இழுக்குமாம். அந்த ஆட்டத்தைப் பெரிய தொலைநோக்கியில் அளக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாதது, தெரிகிறதை ஆட்டிவைக்குமா? கேட்க நினைத்தேன். உப்பு டப்பா கண்ணில் பட்டது. கேட்கவில்லை.

மார்ச் 28

கோள் இல்லையாம்.

நட்சத்திரம் ரொம்பவே ஆடுகிறதாம்; சின்னக் கோளால் அப்படி ஆட்ட முடியாதாம். கூடவே இன்னொரு நட்சத்திரம் சுற்றுகிறது. அது ஓரத்தை மட்டும் உரசி மறைத்ததில் கோள் போலத் தெரிந்திருக்கிறது.

"போலிம்மா. எல்லாம் போலி."

"ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் சுத்திட்டு இருந்தா அதுக்குப் பேரு போலியாடி? அப்போ நானும் உங்கப்பாவும் முப்பது வருஷமா—"

முடிக்க விடவில்லை. குபுக்கென்று அழுதாள். ஐயோ, என்ன அழுகை! என் தோளெல்லாம் நனைந்துபோனது. கோள் போச்சே என்று அழுகிறாளாம். சரி, கோளுக்கே அழட்டும். தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 29

பத்து மணிவரை தூங்கினாள். எழுப்பவில்லை.

ஏப்ரல் 2

நாளை ஆபீசுக்கே திரும்பிப் போகிறாள். பார்ப்பதற்கு வேறு ஒரு நட்சத்திரம் இருக்கிறதாம், அதற்கா பஞ்சம்! போகிற பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று சூப்பில் தாராளமாக உப்புப் போட்டேன்.

ஒரு வாய் குடித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா இது? அப்பா சூப் மாதிரியே இல்லையே."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், சூப்பில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்தேன்.