யார் எழுதிக் கொடுத்தது?

அந்தப் பிள்ளையின் தலைமுடியில் பூண்டுப் புகை வாசனை அடிக்காமல் இருந்திருந்தால், நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனா? மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

உன் சாம்பல் நிற ஸ்வெட்டர் நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. வாசனை இன்னும் போகவில்லை. பூம்பாறையில் பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பார்கள். அந்த வீட்டில் படுத்து எழும் பிள்ளைகள் மேலும் அது ஏறிவிடும். அந்த ஊரில் பாடம் நடத்திய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் சேர்ந்து நடத்திவந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. நீ இறந்தபின் நடந்த முதல் போட்டி.

இந்த ஸ்வெட்டரை நீ வாங்கிவந்தது நினைவிருக்கிறது. கொடைக்கானலில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பதை ஸ்வெட்டர் நிறமே சொல்லிவிடும். பணக்காரப் பள்ளியின் கருநீலம் மேடையேறியதும், பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே ஒரு நடுவர் மார்க் போடத் தொடங்கியதை நீ பார்த்துவிட்டாய். அடுத்த வருடம் யார் பேச வந்தாலும் இதை மாட்டிக்கொண்டுதான் பேச வேண்டும் என்றாய். பெயரும் கிடையாது, எண் மட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முட்டிவரை தொங்கும். மேடைப் படியில் நின்று நீயேதான் மாட்டிவிடுவாய்.

"ஏலே, கை எங்கடா போச்சு? பேச்ச மறந்தாலும் கைய மறந்துட்டுப் போயிராத."

சிரித்துக்கொண்டே மேடையேறுவார்கள். கீழே நான் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதற்கும் உன்னிடம் கேலி இருந்தது.

"பழனியில எங்கப்பா கடையில பஞ்சாமிர்தம் குடுத்தா, டப்பாவத் திருப்பித் தேதி பாத்தவதான நீ?"

"தேதி பாக்குறது தப்பா?"

"தப்பில்லடி. ஒரு வாய் போட்டுக்கிட்டுப் பாரு."

நடுவர்களுக்கு நீ வைத்திருந்தது ஒரே சட்டம்: "கேள்வி பேச்சப் பத்தி இருக்கணும். பிள்ளையப் பத்தி இருக்கக் கூடாது." எத்தனையோ புது நடுவர்களுக்கு அதை நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் ஸ்வெட்டர் மாட்டிவிட ஆள் இல்லை. உன் வேலையையும் என் வேலையையும் சேர்த்து நானே செய்தேன். படியில் நின்று மாட்டிவிட்டு, அவசரமாக வந்து நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதனால்தான் ஏழாம் எண் எந்த ஊர்ப் பிள்ளை என்று, அவள் பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் தங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். வளைவில் பஸ் மூச்சு வாங்கும்போது உள்ளே இருக்கும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அதற்குப் பாரம் குறையட்டும் என்று. இதை அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது அரங்கில் சத்தமே இல்லை. எனக்கும் பிடித்திருந்தது. பிடித்த மறுகணமே சந்தேகம் வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் ஆங்கிலத்தில் கேட்டேன்: இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?

"நாந்தான் மிஸ்." பதில் தமிழில் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஆர் யூ ஷ்யூர்?" என்று மறுபடியும் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கேள்விக்கான மார்க் போயிற்று. நான்காம் இடம். திண்டுக்கல்லில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு மூன்று பேர்தான் போகலாம்.

அவளுக்கு முன்னால் பேசிய பையனின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், முதல் வரிசையில் இருந்த அவன் அம்மாவின் உதடுகளும் அசைந்தன. அதை நான் பார்த்தேன். அவனிடம் ஏரியைச் சுத்தமாக வைத்திருக்க என்ன செய்யலாம் என்றுதான் கேட்டேன்.

எல்லாம் முடிந்தபின் அவளுடைய ஆசிரியை வந்தார். "அவளேதான் எழுதுனா மேடம். நான் ஸ்பெல்லிங் மட்டுந்தான் பாத்தேன். நீங்க நம்பலைன்னா மார்க்கக் கொறச்சிருக்கலாம். மைக்ல கேட்டிருக்க வேணாம்." குரலை உயர்த்தாமல் சொன்னார்.

எதையும் ஆதாரமில்லாமல் ஏற்கக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தில் நான் கற்றது. அதை இத்தனை காலம் நேர்மை என்று நினைத்திருந்தேன். இன்று என் சந்தேகம் ஒரே ஒரு பிள்ளையிடம்தான் வேலை செய்தது. நீ விட்டுப்போன சட்டம் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. மனப்பாடத்தைத் தாண்டி அது எனக்குள் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நேற்று மேலே எழுத முடியவில்லை. இன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலையில் மற்ற இரண்டு நடுவர்களையும் போனில் அழைத்தேன். "ரிசல்ட் சொல்லியாச்சு மேடம், பேரும் அனுப்பியாச்சு. விட்டுருங்க" என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். மூன்று பெயர்களும் மாறவில்லை. பூம்பாறை பஸ்ஸில் ஏறினேன்.

வாசலில் அவள் அம்மா பூண்டுக் கட்டு பிரித்துக்கொண்டிருந்தாள். வந்த காரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "இதுக்கா வெள்ளனே பஸ் ஏறி வந்தீங்க? வேற சோலி இல்லையா டீச்சர்? குளுருல நிக்காதீங்க, உள்ள வாங்க."

பிள்ளை சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்தப் பையன்கிட்ட ஏன் மிஸ் கேக்கல?" என்றாள்.

"நீ எந்த ஊருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலன்னுதான் நெனக்கிறேன்."

அவள் அம்மாவின் கை நின்றது.

"பரிசு குடுக்குற அன்னைக்கு எல்லா ஸ்கூலும் வரும்ல?" என்றாள் பிள்ளை. "மைக்லதான கேட்டீங்க. மைக்லயே சொல்லுங்க, நாந்தான் எழுதுனேன்னு."

"ஏய், டீச்சர்ட்ட இப்படியா பேசுறது?"

சொல்கிறேன் என்றேன்.

"இங்கிலீஷ்ல சொல்லணும் மிஸ். தமிழ்ல சொன்னா என்னையச் சமாதானப்படுத்துறாப்புல இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேப்பரப் பாத்துப் படிக்கக் கூடாது. எங்களுக்கு அதான ரூல்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். கொடைக்கானலில் இறங்கும்வரை முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.