வம்புக் கண்ணாடி

மார்ச் 3, திங்கள்
நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில் கழித்துப்போட்ட மடிக்கணினித் திரை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். திரைக்கு முன்னால் பாதி ஊடுருவும் கண்ணாடி, பின்னால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி. முகமும் தெரியும், முகத்துக்கு மேலே மணியும் வானிலையும் வெள்ளை எழுத்தில் மிதக்கும். என் கைபேசியிலிருந்து எதை அனுப்பினாலும் காட்டும். எதை வேண்டுமானாலும்! கை பரபரக்கிறது.

மார்ச் 8, சனி
தமிழ் எழுத்துரு போட மறந்துவிட்டேன். எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. போட்டேன், தலைகீழாக வந்தது. "நான் வேணா தலைகீழா நின்னு பார்க்கட்டுமா?" என்றாள் அம்மா.

மார்ச் 10, திங்கள்
அப்பா மீசை சீவும் இடத்தில் மாட்டியாயிற்று. முதல் செய்தி: "மீசை இடப்பக்கம் கொஞ்சம் கூடுதல்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அப்பா சீவினார். "நல்லா பளபளன்னு இருக்கும்மா" என்றார். பள்ளி வேனை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

மார்ச் 12, புதன்
"தொப்பைக்குத் தனி டிக்கெட் எடுக்கவும்." அதற்கும் அசையவில்லை. கல்லுளிமங்கன்!

மார்ச் 14, வெள்ளி
கண்ணாடி நிறைய மேகம், கீழே "கனமழை". "என்னப்பா போட்டிருக்கு?" என்றேன். "வெயிலாம்" என்றார், அதைப் பார்த்தபடியே. குடையில்லாமல் போய்த் தொப்பலாக நனைந்து வந்தார். வம்புக்குச் சொன்னாரா? எனக்கேவா?

மார்ச் 17, திங்கள்
எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி: "அப்பா, இதைப் படித்தால் ஒரு தும்மல் போடவும்." போடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
எழுத்தை இரண்டு மடங்காக்கினேன். ம்ஹூம். அம்மாதான் போகும்போதும் வரும்போதும் தும்முகிறாள்.

மார்ச் 20, வியாழன்
"தும்முங்கள்" - அந்த ஒரே சொல், கண்ணாடியின் அகலம் முழுக்க. அப்பா சீப்போடு நின்றார். கண்ணைச் சுருக்கினார். தலையை முன்னால் நீட்டினார். அப்புறம் வீடே அதிர ஒரு தும்மல்! ஜெயித்துவிட்டவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பெரிசா போட்டாதான் தெரியுதா? அந்த வேன்ல பதினாலு பிள்ளைங்க -

"சாவியைக் குடுங்கப்பா."

"நாப்பது வருஷமா ஓட்டறேன். ஒரு கீறல் உண்டா?"

"எதிர்ல வர்ற வண்டி எப்படித் தெரியுது?"

"பஞ்சு மாதிரி... அதனால என்ன, பழகின ரோடுதானே."

அம்மா சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பிள்ளைகளை அப்பாவின் சிநேகிதர் வந்து கூட்டிப்போனார்.

பத்து நாளாக நான் யாரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்?

மார்ச் 21, வெள்ளி
பேச்சு வார்த்தை இல்லை. கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். அதற்கும் வாய்ப்பூட்டு.

மார்ச் 23, ஞாயிறு
அப்பா தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சிக்னல் மாறினா முன்சீட்டுப் பாப்பாதான் எனக்குச் சொல்லும். அது விளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு." என் கைபேசியை எடுத்து என்னிடமே நீட்டினார். "எந்த ஆஸ்பத்திரி?"

மார்ச் 25, செவ்வாய்
இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஒரு எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு மாட்டி வச்சிருக்கா, தும்மச் சொல்லும்" என்றார் அப்பா. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 5, சனி
முதல் கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பார்க்காத நேரமா பார்த்துதான்."

மே 3, சனி
இரண்டாவது கண்ணும் ஆயிற்று. வீட்டு மூலைகளில் இருக்கும் ஒட்டடைக்கெல்லாம் இப்போது நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்
வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று முதல் வேன். முதல் நாள் என்பதால் நானும் கூடப் போனேன். "மாடியில் அறை வாடகைக்கு." "நாய் இருக்கிறது." வழியில் ஒரு பலகையைக்கூட விடாமல் சத்தமாகப் படித்தார். "பலசரக்குல 'ர'வை முழுங்கிட்டான் பாரு!" பின்னாலிருந்து பிள்ளைகள், "எங்களுக்கும் படிக்கத் தெரியும் மாமா!" என்று கத்தினார்கள்.

"ரோட்டைப் பாருங்கப்பா" என்றேன்.

"அதையும்தான் பார்க்கறேன்" என்றார்.