சிலேட்டில் ஒரு பெயர்

4 ஜனவரி 1960, திங்கள். மாத்தளை.

இன்று முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்தோம். ரப்பர் தோட்டத்திலிருந்து மகளோடு வந்த செல்லம்மாவிடம் தகப்பன் பெயரைக் கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், மற்றவர்களைப் போலச் சாடை காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ மகளின் புதுச் சிலேட்டை வாங்கி, ‘முருகையா’ என்று எழுதினாள். ஒரு கோணல் இல்லை.

“எழுதப் படிக்கத் தெரியுமா?”

“இந்தப் பேரு மட்டுந்தாங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல கேப்பாங்கன்னு, இவ பொறந்ததுலருந்து அடுப்புக்கரியால எழுதிப் பழகினேன். வாயாலதானே சொல்லக்கூடாது?”

பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு, அழித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். பதறிப்போனாள்.

“நான் எப்படிங்க அழிப்பேன்? நீங்களே அழிச்சிருங்க.”

என்னாலும் முடியவில்லை. பிள்ளைக்கு வேறு சிலேட்டுக் கொடுத்தேன். முருகையா என் மேசைமேல் இருக்கிறார்.